கடலடியில் ஒரு காலனி

கடல் ஊரைக் கொள்ளும் என்பது தமிழராகிய நாம் வழிவழியாகக் கேட்டுவரும் செய்தி. கடல்கோள்களைப் பற்றிய பழங்கதைகள் ஒருபுறம் இருக்க, 1964-ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்ததைக் கண்ணாரக் கண்டவர்கள் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். அந்த மரபில் வந்த நம் குழந்தைகள் இப்பொழுது கடலுக்குள்ளேயே ஊர் அமைக்கப் புறப்பட்டிருக்கிறார்கள். மெய்யான கடலில் அன்று, கணினித் திரையில். டில்லியில் வாழும் எங்கள் இல்லத்தில் கடந்த இரண்டு கோடை விடுமுறைகளும் இந்த ஊர் அமைக்கும் பணியிலேயே கழிந்தன. அதனால் எங்களுக்குத் தோன்றிய சில எண்ணங்களை, பிறந்த மண்ணை விட்டு வந்து குடித்தனம் நடத்தும் அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

இவ்வகை விளையாட்டுக்குக் காலனி அமைக்கும் விளையாட்டு என்று பெயர். காலனி என்னும் சொல் நமக்குப் புதியதன்று. இந்நகரில் புதிதாக அறிமுகமாகும் ஒருவர், ஊர் பேர் கேட்டபின், “எந்தக் காலனியில் இருக்கிறீர்கள்?” என்றுதான் வினவுவார். 1947-ஆம் ஆண்டுப் பிரிவினையில் வீடிழந்து வந்தவர்களுக்காக எழுந்தவையும் காலனிகள். அரசாங்க ஊழியர்க்கென்று கட்டப்பட்டவையும் காலனிகள். வேற்றிடத்தில் வந்து வேரூன்ற முயல்வோரின் வாழ்விடமே காலனி என்று கொண்டால், நாம் அனைவரும் இந்த விளையாட்டைப் பல ஆண்டுகளாக ஆடி வருகிறவர்களே.

எங்கள் மக்கள் ஆடுவது ‘ஆக்ஸிஜன் நாட் இன்க்ளூடட்’ என்பது. ‘பிராணவாயு இதில் அடங்காது’ என்று அப்பெயரைத் தமிழில் சொல்லலாம். கனடா நாட்டு வான்கூவர் நகரத்துக் கிளே என்டர்டெயின்மென்ட் நிறுவனத்தார் 2019-ஆம் ஆண்டு ஜூலை மாதம் இதனை முழு வடிவில் வெளியிட்டனர். ஒரு சிறுகோளின் வயிற்றுக்குள் மூன்று பேர் கண் விழிக்கின்றனர். அவர்களுக்கு இருப்பிடமும் உணவும் மூச்சுக் காற்றும் தேடித் தருவது ஆடுவோரின் பொறுப்பு. திரையில் தெரிவது மேலிருந்து பார்க்கும் படம் அன்று; வீட்டை நெடுக அறுத்துப் பக்கவாட்டில் நின்று நோக்கினாற்போன்ற வெட்டுமுகப் படம். ஆகவே எது மேலே இருக்கிறது, எது கீழே இருக்கிறது என்பது இங்கே உயிர் போகும் விஷயமாகிவிடுகிறது.

இவ்விளையாட்டில் ‘ஸாண்ட்பாக்ஸ்’ என்று ஒரு முறை உண்டு. தூரிகை கொண்டு வண்ணம் தீட்டுவதுபோல், பாறை, மணல், நீர், வாயு ஆகியவற்றை வேண்டிய இடத்தில் இட்டு, நமக்கு வேண்டிய உலகத்தை நாமே வரைந்துகொள்ளலாம். பதினைந்து வயதான எங்கள் மூத்த மகள் அதில் ஒரு பெரிய குகையை வரைந்து, அதனை உப்புநீரால் நிரப்பி, நீரின் அடித்தளத்தில் கல்லால் ஒரு பெட்டி கட்டி, அதனுள் மூவரையும் குடிவைத்தாள். “தரையில் எல்லாரும் கட்டுகிறார்கள், கடலடியில் கட்டினால்தான் கணக்குச் சரியாக இருக்கிறதா என்று தெரியும்” என்பது அவள் கூற்று. அதில் உண்மை இருந்தது. நிலத்தில் வீடு கட்டுவோன் சுவரையும் கூரையையும் நினைக்கிறான். காற்று கேளாமலே வந்துவிடுகிறது. நீருக்கடியில் கேளாமல் வருவது நீர் ஒன்றுதான். மற்றவை அனைத்தும் கணக்கெழுதி வரவழைக்கப்பட வேண்டியவை.

அந்தக் கணக்கை வாசகர்கள் சிறிது அறிந்துகொள்வது நலம். விளையாட்டில் ஒரு நாள் என்பது 600 விநாடி. ஓர் ஆள் விநாடிக்கு 100 கிராம் பிராணவாயு கொள்கிறான். ஒரு நாளைக்கு 60 கிலோ ஆகிறது. இது மிகைப்படுத்திய அளவு. மெய்யான மனிதனுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 840 கிராமே போதும். அவன் வெளிவிடும் கரியமில வாயுவோ விளையாட்டில் நாளைக்கு 1.2 கிலோ, மெய் வாழ்வில் ஏறத்தாழ 1 கிலோ. வரவை எழுபது மடங்காகப் பெருக்கியவர்கள் கழிவை மட்டும் இயற்கையை ஒட்டியே வைத்திருக்கிறார்கள். இதனால் ஆடுவோரின் கவனம் முழுவதும் பிராணவாயுவைத் தேடுவதிலேயே சென்றுவிடுகிறது. சிறிது சிறிதாகச் சேரும் கரியமில வாயுவை எவரும் பொருட்படுத்துவதில்லை.

மகளின் முதல் வரைபடத்தில் நேர்ந்ததும் அதுவே. பாசியிலிருந்து பிராணவாயு எடுக்கும் பொறி ஒன்று, விநாடிக்கு 500 கிராம் தந்து, ஐந்து பேருக்குக் குறைவின்றி ஊட்டிக்கொண்டிருந்தது. படுக்கை அறை எங்கே என்ற வினா எழுந்தபொழுது, பதினொரு வயதான இளையவன், கண்ணாடிச் சுவர் வழியே மீன்களைப் பார்த்துக்கொண்டே உறங்கலாம் என்று சொல்லி, அதை அடித்தளத்தில் வைக்கச் செய்தான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆயின் கரியமில வாயு கனமானது. அது படிப்படியாகக் கீழிறங்கித் தங்கும். இருபதாம் நாளுக்குள் அடித்தளம் முழுவதும் அவ்வாயு நிறைந்து, உறங்கியவர்கள் மூச்சுத் திணறி எழுந்து ஏணியைப் பற்றி மேலே ஓடலாயினர். சுவரில் ஒரு கீறல் இல்லை. ஒரு துளி நீர் உள்ளே வரவில்லை. கடல் அவர்களை ஒன்றும் செய்யவில்லை. அவர்கள் விட்ட மூச்சே அவர்களைத் துரத்தியது.

இந்த நிலையில், மன்னார்குடிப் பக்கத்தில் தனியே வசித்துவந்த எங்கள் வீட்டுப் பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். காவிரிப் படுகையில் மதகுகளை ஏற்றுவதும் இறக்குவதும், கரைகளை இரவு பகலாகக் காப்பதுமே அவர் தொழிலாக இருந்தது. பேத்தி தன் வரைபடத்தைத் தொலைபேசித் திரையில் அவருக்குக் காட்டினாள். வெட்டுமுகப் படங்களைப் பார்த்துப் பழகிய கண்கள் அவை. நெடுநேரம் உற்று நோக்கிவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “எல்லாம் சரி அம்மாடி, வடிகால் எங்கே?”

நீர் உள்ளே வரவில்லையே தாத்தா, வடிகால் எதற்கு என்றாள் அவள். அதற்கு அவர் கூறிய மறுமொழியை நாங்கள் மறக்கவில்லை. “வாய்க்கால் வேண்டுமென்று எல்லாரும் மனுக் கொடுப்பார்கள். வடிகால் வேண்டுமென்று எவரும் கேட்கமாட்டார்கள். ஐப்பசி மழையில் பயிர் அழுகும்போதுதான் அதன் நினைவு வரும். தண்ணீரானால் என்ன, காற்றானால் என்ன? கீழே போய்த் தேங்குவதற்கு முதலில் ஒரு வழி வை.”

பெரியவர் சொன்னது விளையாட்டுக்கு மட்டும் பொருந்துவதா என்று அறிய, மெய்யாகவே கடலடியில் குடியிருந்தவர்களின் வரலாற்றை நாங்கள் குழந்தைகளோடு சேர்ந்து படித்தோம். 1962-ஆம் ஆண்டு செப்டம்பரில், பிரான்ஸ் நாட்டு மார்ஸேய் நகருக்கு அப்பால், ழாக் கூஸ்தோ என்னும் கடலாய்வாளரின் ஏற்பாட்டில், ஆல்பெர் ஃபால்கோ, கிளாட் வெஸ்லி என்ற இருவர் 10 மீட்டர் ஆழத்தில் ஒரு வார காலம் வாழ்ந்தனர். மறு ஆண்டு, சூடான் நாட்டுக் கரையை அடுத்த செங்கடலில் சிறிய குடியிருப்பே அமைத்து, ஐவர் ஒரு மாதம் தங்கினர். அவர்களுடைய வீட்டின் வாயிலுக்குக் கதவு கிடையாது. தரையில் ஒரு திறப்பு மட்டும் உண்டு. உள்ளே இருந்த காற்றின் அழுத்தம் வெளி நீரின் அழுத்தத்தோடு சமமாக இருந்தமையால் நீர் வாயிற்படியிலேயே நின்றுவிட்டது. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வாயுமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது என்னும் பாடம், கதவில்லாத அந்த வீட்டின் படத்தைப் பார்த்தவுடன் குழந்தைகளுக்குப் புரிந்துவிட்டது.

அமெரிக்கக் கடற்படையினரும் 1964, 1965 ஆகிய ஆண்டுகளில் ‘ஸீலேப்’ என்ற பெயரால் கடலடி இல்லங்களை அமைத்தனர். இரண்டாவது ஸீலேபில், விண்வெளி சென்று மீண்ட ஸ்காட் கார்ப்பென்ட்டர் ஏறத்தாழ ஒரு திங்கள் தங்கினார். ஆழத்தில் சாதாரணக் காற்றைச் சுவாசித்தல் தீங்கு என்பதால் ஹீலியம் கலந்த வாயு தரப்பட்டது. அது உடற்சூட்டைக் கவர்ந்துகொண்டமையால் உள்ளிருந்தோர் குளிரால் வருந்தினர். 1969-ஆம் ஆண்டு பிப்ரவரியில், மூன்றாவது ஸீலேபில் ஏற்பட்ட கசிவைச் சீர்செய்ய நீரில் இறங்கிய பெரி கானன் என்பவர் உயிர் துறந்தார். கரியமில வாயு நச்சே அவருடைய மரணத்துக்குக் காரணம் என்று விசாரணையில் முடிவு செய்யப்பட்டது. இதைப் படித்தபொழுது எங்கள் வீட்டில் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. திரையில் ஆள் விழுந்தால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கலாம். அந்த மனிதருக்கு அது வாய்க்கவில்லை. அடுத்த ஆண்டில், வர்ஜின் தீவுகளை அடுத்த கடலில், ஸில்வியா எர்ல் என்னும் அம்மையாரின் தலைமையில் ஐந்து பெண்கள் இரண்டு வாரம் கடலடியில் தங்கி ஆய்வு செய்து மீண்டனர் என்ற செய்தியே எங்கள் மகளுக்கு மறுபடியும் ஊக்கம் அளித்தது.

அவள் தன் இரண்டாவது வரைபடத்தை வடிகாலிலிருந்து தொடங்கினாள். எல்லாவற்றுக்கும் அடியில், எவரும் புழங்காத ஒரு பள்ளம்; கரியமில வாயு அதில் சென்று தங்கும். அங்கே அவ்வாயுவை நீரில் கரைத்து அகற்றும் பொறி. அதற்கு மேலே கழிப்பிடம். விளையாட்டில் கழிப்பிடம் ஒருமுறை 5 கிலோ நீரைக் கொண்டு, 11.7 கிலோ அழுக்கு நீரைத் திருப்பித் தருகிறது. அதனை மணலில் வடிகட்டினால் நீர் வரவு செலவைவிட மிகுதியாகும். நடுத்தளத்தில் உணவறை. அதற்கு மேலே படுக்கை. இளையவனின் கண்ணாடிச் சுவரும் படுக்கையோடு மேலே ஏறிவிட்டது. மீன்கள் அங்கேயும் வரும் அல்லவா?

பாசி ஒருநாள் தீர்ந்துபோகும். ஆகவே நீரையே பகுத்துக் காற்றாக்க வேண்டும். சுற்றிலும் கடல் இருக்க நீருக்குப் பஞ்சமில்லை. உப்பைப் பிரிப்பதொன்றே வேலை. விளையாட்டின் உப்புநீரில் நூற்றுக்கு 7 பங்கு உப்பு. மெய்க் கடலைப்போல் இருமடங்கு. தூய நீர் 1,000 கிராமைப் பகுத்தால் 888 கிராம் பிராணவாயுவும் 112 கிராம் ஹைட்ரஜனும் கிடைக்கின்றன. பள்ளியில் பயிலும் 16-க்கு 2 என்னும் விகிதமே இது. ஹைட்ரஜன் இலேசானது, கூரையடியில் சேரும். அதனை எரித்து மின்சாரம் பெற்றால் பகுக்கும் பொறி தன்னைத் தானே ஓட்டிக்கொள்ளும். ஆனால் அப்பொறியிலிருந்து வரும் காற்று 70 பாகை வெப்பத்தோடு வருகிறது. சுற்றியுள்ள கடல்நீரே அவ்வெப்பத்தை வாங்கிக்கொள்ளும்படி குழாய்களை நீரினூடே வளைத்து விட்டாள். வெப்பத்துக்கும் ஒரு வடிகால் என்று அதற்குப் பெயரும் இட்டாள்.

வாயிலுக்குச் செங்கடல் வீட்டாரின் உபாயத்தையே சிறிது மாற்றிக்கொண்டனர். வழியை வளைத்து, வளைவின் அடியில் நீரைத் தேக்கிவிட்டால், ஆள் போகலாம், காற்று போகாது. நனைந்து வருவோர் சலித்துக்கொள்வார்கள் என்பது ஒன்றே குறை. நம் வீட்டுக் கழிநீர்த் தொட்டியின் கீழ் வளைந்திருக்கும் குழாயில் நிற்கும் நீரும் இதே வேலையைத்தான் செய்கிறது. சாக்கடை நாற்றம் அறைக்குள் வராமல் தடுப்பது அதுவே.

இவ்வாறு அமைந்த காலனியில் மூன்று நாளுக்கு ஒருமுறை புதியவர் வர விண்ணப்பிப்பார். ஏற்கலாம், மறுக்கவும் செய்யலாம். எட்டுப் பேர்வரை சேர்த்த மகள், ஒன்பதாமவர் வந்தபொழுது மறுத்துவிட்டாள். எட்டுப் பேருக்கு விநாடிக்கு 800 கிராம். பொறி தருவது 888. ஒன்பது பேருக்கு 900 வேண்டும். “12 கிராம் குறைகிறது, ஒருவருக்காக ஒன்பது பேரும் திணற வேண்டுமா?” என்றாள் அவள். இளையவன் உடன்படவில்லை. “வருகிறவரை வேண்டாமென்று சொல்லாதே, இரண்டாவது பொறி வைக்க இடம் விட்டிருந்தால் இந்தப் பேச்சே வந்திராது” என்றான்.

இது நடந்தது சென்ற ஆண்டுப் பூஜை விடுமுறையில். அதே நாட்களில் எங்கள் இல்லத்தில் வேறொரு கணக்கும் நடந்துகொண்டிருந்தது. பாட்டி மறைந்த பின்னர் ஊரில் தனியே இருந்த பெரியவரை எங்களோடு அழைத்துக்கொள்வது என்று நாங்கள் இருவரும் எண்ணியிருந்தோம். அவருக்கோ நெடுங்காலமாக இரைப்பு நோய் உண்டு. டில்லியின் ஐப்பசி, கார்த்திகை மாதக் காற்றைப் பற்றி இங்குள்ளோர்க்கு விளக்க வேண்டியதில்லை. அண்டை மாநிலங்களில் வைக்கோல் எரியும் புகையும், நகரத்து வண்டிகளின் புகையும், புழுதியும், காற்றோட்டமற்ற குளிரில் தரையோடு படிந்துவிடுகின்றன. கனமானது கீழே தேங்கும் என்று குழந்தைகள் திரையில் கண்டதற்கு ஈடாக, மாநகரமே ஒரு பள்ளமாகிவிடுகிறது.

குழந்தைகள் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மகள்தான் மெல்லச் சொன்னாள்: “காற்றுக் கணக்குப் பார்க்காமல் தாத்தாவை அழைக்கக் கூடாது.” தம்பி வெகுண்டான்: “தாத்தாவையும் மறுத்துவிடுவாயா?” அவள் கண் கலங்கிவிட்டது. பாசமும் கணக்கும் அந்தக் கூடத்தில் எதிரெதிரே நின்றன. இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

முடிவில் இருவர் சொல்லையும் ஏற்றோம். முதலில் கணக்கு. எங்கள் நான்கு பேருக்கு அமைந்த வீட்டில், தெருவை நோக்கிய அறையை ஒழித்து, பின்புறம் மரத்தை நோக்கிய அறையை அவருக்கென்று வைத்தோம். காற்றைத் துப்புரவு செய்யும் கருவி ஒன்று வாங்கினோம். ஆயின் அக்கருவி தூசியை வடிகட்டுமே அன்றி, பிராணவாயுவை உண்டாக்காது. கரியமில வாயுவை அகற்றவும் அகற்றாது. சாளரங்களை எந்நேரமும் அடைத்துவைத்தால் உள்ளிருப்போர் மூச்சே அறையில் தேங்கும். ஆகவே நண்பகலில் வெளிப்புகை சற்றுத் தணியும் வேளையில் சிறிது நேரம் திறந்துவைப்பது என்று வழக்கம் செய்துகொண்டோம். அடுக்களையில் புகை போக்கும் விசிறி மாட்டினோம். எங்கள் காலனியிலும் வடிகால் வேலைகளே முதலில் முடிந்தன.

பின்னர் பெரியவரே தீர்ப்பளித்தார். மருத்துவரைக் கலந்துகொண்டு, மாசியில் வருவதாகவும் புரட்டாசி முடிவதற்குள் திரும்பிவிடுவதாகவும் சொன்னார். “மதகை ஆண்டு முழுதும் திறந்து வைப்பதுமில்லை, மூடி வைப்பதுமில்லை, பருவம் பார்த்துத்தான்” என்றார். சொன்னபடி வந்தார். இந்தக் கோடையில் பேரப் பிள்ளைகளின் பக்கத்தில் நாற்காலியிட்டு அமர்ந்து மூன்றாவது வரைபடத்துக்கு மேற்பார்வை செய்தார். அதில் பகுக்கும் பொறிக்குப் பக்கத்தில் வெற்றிடம் ஒன்று விடப்பட்டிருக்கிறது. அங்கே இரண்டாவது பொறி வந்தபின் ஒன்பதாமவர் மட்டுமன்று, பன்னிருவர் அந்தக் கடலடியில் வாழ்கின்றனர்.

இதனால் எல்லாம் இனிதாக முடிந்துவிட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. இப்பொழுது ஆவணி. அடுத்த மாதம் அவர் புறப்பட வேண்டும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவர் அங்கே, நாங்கள் இங்கே. அந்த ஐந்து மாதமும் அண்டை வீட்டார்தாம் அவருக்குத் துணை. எந்தப் பொறியாலும் நிரப்ப இயலாத குறை இது. இதையும் கணக்கில் எழுதியே வைத்திருக்கிறோம்.

பிள்ளைகள் கணினியில் விளையாடுவதைப் பற்றி நம் சங்கத்துக் குடும்பங்களில் பலவாறு பேசப்படுகிறது. எவ்வளவு நேரம் ஆடலாம் என்பதை அந்தந்த வீட்டார் முடிவு செய்யட்டும். நாங்கள் வேண்டுவது இதுவே: ஒருநாள் அவர்கள் பக்கத்தில் அமர்ந்து, அவர்கள் கட்டும் ஊரில் காற்று எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது, இனி வரப்போகிறவருக்கு எங்கே இடம் விட்டிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். விடை சொல்ல அவர்கள் மிகவும் விரும்புவார்கள். ஊரிலுள்ள தாத்தா பாட்டியரையும் தொலைபேசியில் அழைத்து அந்தப் படத்தைக் காட்டுங்கள். ஏரியும் குளமும் வாய்க்காலும் கண்டு வாழ்ந்தவர்கள் அவர்கள். நீரோடு குடித்தனம் நடத்துவது பற்றி அவர்களிடம் கேட்டறிய வேண்டியவை இன்னும் நிறைய உண்டு.